மூன்றாவது குரல்

உரல்பாறை மலையில் போட்ட வேட்டுக்குச் சத்தம் இல்லாமல் போன அந்தச் சாயங்காலத்தை எங்கள் ஊரில் யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை, ஏனென்றால் மலையே பாதி இல்லாமல் போனதை அதற்கு முன்பே பார்த்துப் பழகியிருந்தோம். கல் எழும்பியது, கல் விழுந்தது, வெள்ளைப் புழுதி வழக்கம்போலக் கிளம்பி வந்து காயப்போட்டிருந்த சேலை, வேட்டி, வடகம் எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. சத்தம் ஏன் வரவில்லை என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது. கண்மாய் ஏன் நிறையவில்லை என்று நாங்கள் கேட்ட கேள்விக்கே பதில் சொல்ல ஆளில்லாத ஊர் இது.

அந்தச் சத்தத்தைத் திட்டாத நாள் கிடையாது, ஆனாலும் அதை நம்பித்தான் எங்கள் பொழுது ஓடிக்கொண்டிருந்தது. வேட்டுச் சத்தம் கேட்டால்தான் மாடுகள் கொட்டத்துக்குத் திரும்பும், டீக்கடையில் இரண்டாவது பால் அடுப்பில் ஏறும், பீடி சுற்றுகிற பெண்கள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு விளக்கமாற்றைக் கையில் எடுப்பார்கள். அன்றைக்கு மாடுகள் இருட்டுகிற வரைக்கும் கண்மாய்க்குள்ளேயே நின்றன.

வேட்டுக்கு முன்னால் மூன்று குரல் கொடுப்பது எங்கள் ஊர் முறை. குவாரி வருவதற்கு முன்பே, கிணறு வெட்டும்போது பாறைக்கு மருந்து வைத்த காலத்திலேயே வந்த முறை அது. முதல் குரலுக்குப் பிள்ளைகளையும் ஆடுகளையும் வாரிக்கொள்ள வேண்டும், இரண்டாவது குரலுக்குக் கதவைச் சாத்த வேண்டும், மூன்றாவது குரலுக்கு அவரவர் நிற்கிற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும், மூன்றாவது குரல் விழாமல் எவனும் வேட்டுச் சுவிட்சைத் தொடக்கூடாது. குரல் கொடுக்கிற வேலை மொக்கராசுவுடையது. ஆள் வத்தல், தொண்டை மட்டும் ஊருக்கே போதுமானது. குரல் எடுப்பதற்கு முன்னால் ‘ம்க்கும்’ என்று ஒரு தடவை செருமிக்கொள்வான், பெரிய கச்சேரிக்காரன் என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தச் செருமல் மலையடியில் இருக்கிற தன் வீட்டு வாசல் வரைக்கும் கேட்கும் என்று அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் சொல்வாள், நாங்கள் ஒருநாளும் நம்பியதில்லை.

சத்தம் போன அன்றைக்குத்தான் மொக்கராசுவும் போனான். குவாரிக்குக் கீழே இருந்த தன்னுடைய காய்ந்த வயலில் நின்றுகொண்டிருந்த சோணைமுத்துவை, பாறை மேலிருந்து ஓடி வந்து வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டான், சோணைமுத்துவுக்கு விழ வேண்டிய கல் அவன் மேல் விழுந்தது. விசாரிக்க வந்தவர்களிடம் சோணைமுத்து உள்ளதைச் சொன்னார். “தள்ளிவிட்டது அவந்தான். ஆனா குரலு எதுவும் எனக்குக் கேக்கலங்கய்யா.” குவாரிக்குள் நின்ற ஆட்களுக்கும் கேட்கவில்லை, அவர்களும் அதையே சொன்னார்கள். குவாரி மேனேஜர் அந்த வார்த்தைகளை அழகாகச் சேர்த்துக் கட்டினார்: மொக்கராசு குரல் கொடுக்காமலே சுவிட்சுக்காரனுக்குக் கையைக் காட்டிவிட்டான், வயலில் ஆள் நிற்பதை அப்புறம்தான் பார்த்தான், எல்லாம் அவனுடைய அசட்டை. ஊரும் அதையே நம்பியது. பஞ்சவர்ணத்திடம் அவனுடைய சட்டையையும் செருப்பையும் கஞ்சி கொண்டுபோன எவர்சில்வர் தூக்குச்சட்டியையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். தொட்டிலில் அவள் பிள்ளை முத்துப்பேச்சி அப்போது குப்புற விழக்கூடப் பழகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வேட்டுக்கும் சத்தமில்லை, குரலுக்கும் சத்தமில்லை. மலை உச்சியில் சிவப்புக் கொடி ஏற்றினார்கள், பெண்கள் சோறு வடிக்கும்போதும் கழுத்தைத் திருப்பிக் கொடியைப் பார்த்துக்கொண்டே வடித்தார்கள், யாரும் பிள்ளையை வாசலில் விடுவதில்லை. சத்தம் போடுகிற ஆபத்தைவிடச் சத்தம் போடாத ஆபத்து எவ்வளவு பொல்லாதது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

போன சத்தம் எங்கே போனது என்பதைக் கண்டுபிடித்தது பஞ்சாயத்துத் தலைவர் தனபாக்கியம். விருந்தாளிக்குச் சமைக்க, பரணில் மூடிபோட்டு வைத்திருந்த காலி அண்டாவை இறக்கித் திறந்தார், உள்ளேயிருந்து ஒரு முழு வேட்டு வெளியே வந்தது. அடுப்படிச் சுவர் மேலிருந்து கீழ்வரை வாய் பிளந்தது. அவர் புருஷனுக்கு ஒரு வாரம் காது கேட்கவில்லை, அந்த வீட்டில் அவருக்கு அது ஒன்றும் புதிதில்லை என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒவ்வொரு வீடாகத் தெரிந்தது: காலியாக இருந்து, மூடியும் இருக்கிற பாத்திரம் எதுவோ அதில் போய் வேட்டு அடங்கிவிடுகிறது, திறந்தால் ஒரே ஒரு தடவை வெடிக்கிறது, பிறகு வெறும் பாத்திரம். பிஸ்கட் டப்பாவில் இருந்தது, இட்லிக் கொப்பரையில் இருந்தது. அம்மன் கோயில் உண்டியல் காலியாக இருந்த சங்கதி அப்படித்தான் வெளியே வந்தது.

உடனே சண்டை வந்தது. எங்கள் ஊர் இரண்டு தெரு. பாறைத் தெருவுக்குக் குவாரியில்தான் சோறு. கண்மாய்த் தெருவுக்கு விவசாயம், அதாவது விவசாயம் என்ற பெயர். கழிவுக் கல்லைக் கொட்டிக் கொட்டி மலையின் கிழக்கு ஓடையைக் குவாரி அடைத்துவிட்டது, மிச்சமிருப்பது மேற்கு ஓடை மட்டும்.

“கல்லுல திங்கிறது நீங்க, சத்தத்த மட்டும் நாங்க வச்சுக்கணுமாக்கும்?” என்றது கண்மாய்த் தெரு.

“உங்க வீட்டுக்கு அடியில போட்ட கடகாலு எந்த மலைக் கல்லு? ஆகாசத்துலருந்தா விழுந்துச்சு?” என்றது பாறைத் தெரு.

கைகலப்பு ஆகப்போன நேரத்தில் சோணைமுத்து நடுவில் வந்து நின்றார். அவர் எங்கள் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீரைத் திருப்புவது என்று முறை வைக்கிறவர். கண்மாயில் தண்ணீர் இல்லாததால் மண்வெட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு சும்மா கிடந்தவர். மொக்கராசு செத்ததிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. “தண்ணிக்கு என்ன செஞ்சோமோ அதத்தான் இதுக்கும் செய்யணும்” என்றார். “ஒரு நாளைக்கு ஒரு வீடு. இந்தத் தெரு ஒண்ணு, அந்தத் தெரு ஒண்ணு. முறைக்கார வீடு காலிப் பானைய மூடி வாசல்ல வைக்கட்டும். மத்தவுக எல்லாம் ஏனத்தக் கவுத்து வச்சிருங்க.”

தண்ணீருக்கு இருந்த அத்தனை வில்லங்கமும் இதற்கும் வந்தது. தண்ணீர் முறையில் மேல்மடைக்காரன் கூடுதலாகப் பிடித்துக்கொள்வான், கடைமடைக்காரனுக்கு ஈரம்தான் மிஞ்சும். சத்த முறையில் மேல்வீட்டுக்காரன் தன் பானையை ராவோடு ராவாகக் கவிழ்த்துவிடுவான், கடைசி வீட்டுக்காரன் மடியில் இரண்டு வேட்டு விழும். ஆனாலும் முறை நடந்தது. நிறைந்த பானையை ஈரக்களிமண்ணால் வாய் பூசி, கம்பில் தொங்கவிட்டு, பாறைத் தெருவான் ஒரு முனையும் கண்மாய்த் தெருவான் ஒரு முனையுமாகச் சுமந்து போய், கண்மாய் மடைக்குப் பக்கத்திலிருக்கும் கல்மண்டபத்தில் வைப்பார்கள். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட “மெதுவா வாய்யா, கல்லு கெடக்கு” என்று ஒருவனுக்கொருவன் சொல்ல வேண்டியதாயிற்று. இடித்துப் பேசினால் பானை உடையும்.

தன் வீட்டில் என்ன இருக்கிறது என்று பஞ்சவர்ணத்துக்கு இதற்குள் புரிந்துவிட்டது. கஞ்சி குடித்துக் கழுவி மூடி, மொக்கராசு தன் காலடியில் வைத்திருந்த தூக்குச்சட்டி அது. அவள் திறக்கவில்லை. மூடிய பாத்திரத்தில் காதை வைத்தால் உள்ளே இருப்பதன் ஆரம்பம் மட்டும் லேசாகக் கேட்கும், அது எல்லாப் பானைக்கும் உண்டு. அவள் காதை வைத்தாள். ‘ம்க்கும்’ என்றது. தினமும் காலையில் வாசல் தெளித்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியில் காதை வைத்து உட்கார்ந்திருப்பாள், பாறைத் தெரு அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி தண்ணிக்குடத்தோடு கடந்து போகும்.

இப்படியே பிள்ளை தவழ்ந்து, நின்று, நடக்கவும் தொடங்கிவிட்டபோது, குவாரிக் கம்பெனி மலையின் மேற்குப் பாதியையும் கேட்டது. ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்கும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கம்பெனியின் வாதம் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது: சத்தம் அளக்கிற கருவி அசையவே இல்லை, ஆகையால் தொந்தரவு இல்லை; இதுவரை செத்தது ஒரே ஆள், அதுவும் அவனுடைய அசட்டையால், ஆகையால் ஆபத்தும் இல்லை.

ரேஷன் கடை வாசலில் ஊர் கூடியது. கல்மண்டபத்துப் பானைகளை மொத்தமாகத் திறந்துவிடுவோம் என்றார்கள் இளவட்டங்கள். “தெறங்க, மொத ஆளா உங்க வீட்டுச் சுவரு விழும், உன் அக்கா புள்ளத்தாச்சியா இருக்கா, நெனவு இருக்கா?” என்று தனபாக்கியம் ஒரு சத்தம் போட்டார். குவாரியையே மூடவைப்போம் என்றது கண்மாய்த் தெரு. அப்போது சங்கிலி எழுந்தான். குவாரியில் சுவிட்சு அமுக்குகிறவன் அவன், மொக்கராசுவின் கூட்டாளி, அந்தச் சாவுக்குப் பிறகு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதவன். “மூடிட்டா எங்க அடுப்பு என்னாகும்? மேக்கால மலையத் தொட வேணாம், ஓடை உங்களுக்கு வேணும். இப்ப வெட்டுற குழியில மூணு குரலு விழுகாம வேட்டு வைக்கக் கூடாது, சுவிட்சுச் சாவி ஊரு கையில இருக்கணும். இதுக்கு ஒத்துக்குவீகளா?”

ஒத்துக்கொண்டார்கள். இரண்டு தெருவும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டியதைப் பார்த்து எங்களுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் அப்படிக் கேட்க வேண்டுமென்றால் மொக்கராசு குரல் கொடுத்தான் என்று காட்ட வேண்டும், அதற்கு ஊரில் ஒரே ஒரு பாத்திரம்தான் இருந்தது. எல்லோரும் சோணைமுத்துவைப் பார்த்தார்கள்.

அவர் மத்தியான வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஞ்சவர்ணத்தின் வாசலில் போய் நின்றார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“எங்க வீட்டு ஆள ஒருவாட்டி குடுத்தது பத்தாதாண்ணே?”

“வேணாம்னு சொல்லு தாயி, திரும்பிப் போயிர்றேன். ஊரு ஒண்ணும் சொல்லாது. நான் பாத்துக்கிறேன்.”

அவள் தூக்குச்சட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாதுண்ணே. செருமுறது மட்டுந்தான் கேக்குது. அதுக்கடுத்து குரலு இருக்கோ, வெறும் வேட்டுதான் இருக்கோ. தெறந்து, குரலு இல்லாமப் போச்சுன்னா, எம் புருசன் அசட்டையாத்தான் செத்தாருன்னு ஊரக் கூட்டி நானே சொன்ன மாதிரி ஆயிரும். குரலு இருந்துச்சுன்னா அது ஒருவாட்டிதான். அப்புறம் காலையில எழுந்திரிச்சு நான் எதுல காத வைப்பேன்? இந்தப் பிள்ள விவரம் தெரிஞ்சதும் அவுக அப்பன் குரலக் கேக்கட்டும்னு வச்சிருக்கேன்.”

சோணைமுத்து தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “நான் பொய் சொல்லல ஆத்தா. கேக்கலதான். அந்த வார்த்தையத் தூக்கி அவன் தலையில போடுவாகன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அவன் தள்ளிவிட்ட உசுரு இது. இத வச்சுக்கிட்டு நான் தெருவுல நடக்குறதே எனக்குக் கூச்சமா இருக்கு.”

அவள் எழுந்து உள்ளே போய், செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அவர் குடித்துவிட்டுப் போனார்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நாலு பக்கமும் தட்டி கட்டி, மேலே வண்ணத் துணி இழுத்திருந்தார்கள். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தார், வேர்வையைத் துடைத்துக்கொண்டே எல்லோர் பேச்சையும் பொறுமையாகக் கேட்டார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேனேஜர் மைக்கைப் பிடித்து, அசையாத கருவியைப் பற்றியும் அசட்டையாகச் செத்தவனைப் பற்றியும் சொல்லி முடித்தார். “வேற யாராவது பேசணுமா?” என்று அதிகாரி அம்மா கேட்டபோது பின்வரிசையிலிருந்து பஞ்சவர்ணம் வந்தாள், இடுப்பில் பிள்ளை, கையில் தூக்குச்சட்டி. அவள் மைக்கைத் தொடவில்லை. மேஜை மேல் சட்டியை வைத்தாள், காதை ஒருதரம் வைத்துக் கேட்டாள், பிள்ளையின் காதையும் வைத்தாள், பிறகு மூடியைத் திருகி எடுத்தாள்.

ம்க்கும் என்றது, பிறகு “வேட்டேய்ய்ய்” என்று மொக்கராசுவின் முதல் குரல் சட்டியிலிருந்து எழும்பிப் பந்தலை நிறைத்துக்கொண்டு மைதானம் தாண்டிப் போனது, போன வேகத்தில் ஊர் முழுக்க எழுந்து நின்றது, பெண்கள் தன் பிள்ளை யார் பிள்ளை என்று பார்க்காமல் கைக்கு அகப்பட்ட பிள்ளையை வாரி அணைத்தார்கள், கம்பெனிக்காரர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பையன்கள் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள், பிறகு இரண்டாவது குரல் வந்தது, சாத்துவதற்குக் கதவில்லாததால் ஆளுக்கொரு தட்டியை இழுத்துப் பந்தலை அடைத்தோம், அடைத்துவிட்டு, உட்காருவதற்காக மூன்றாவது குரலை எதிர்பார்த்து நின்றோம், முழங்கால் மடங்கத் தயாராக நின்றோம், மூன்றாவது குரல் வரவில்லை, “நிப்பாட்டு, டேய் சங்கிலி, நிப்பாட்டுறா, ஆளு நிக்கிது” என்று வந்தது, பிறகு ஓடுகிற சத்தம், தூரத்திலிருந்து “சோணைண்ணே, படுண்ணே, படு” என்று வந்தது, அதற்குப் பிறகு வேட்டு வெடித்தது.

பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழந்தைகள் அழுதன. அதிகாரி அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “எல்லாரும் உட்காருங்க” என்றார். யாரும் உட்காரவில்லை. “தயவு செஞ்சு உட்காருங்க, பேசலாம்.”

சோணைமுத்து கன்னத்தைக்கூடத் துடைக்காமல் சொன்னார்: “மூணாவது குரலு விழலைங்கம்மா. விழாம எப்படி உக்கார்றது?”

சங்கிலி முன்னால் வந்தான். “எனக்கு ஒரு குரலும் கேக்கலம்மா, அது சத்தியம். கேக்காதப்ப நான் தொட்டிருக்கக் கூடாது. லாரி காத்துக்கிட்டு நிக்கிது, அமுக்குடான்னு மேனேஜர் கைய வீசுனாரு, அமுக்கிட்டேன்.” மேனேஜர் மறுப்பதற்கு மைக்கை எடுத்தார், மைக் செத்துப் போயிருந்தது. பஞ்சவர்ணம் மூடியைத் திரும்பப் போட்டுக் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்பதை அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். சொல்லப் போனால், அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்த மலையும் வேண்டாம் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து எங்கள் ஊர் உட்காரவில்லை. வீம்புக்கு என்று வெளியூர்க்காரர்கள் சொன்னார்கள், வீம்பும் கொஞ்சம் இருந்தது, ஆனால் உட்காரப் போனால் முழங்கால் பாதியில் நின்றுகொண்டது. நின்றபடி சாப்பிட்டோம், நின்றபடி பீடி சுற்றினோம், பஸ்ஸில் சீட் காலியாக இருக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனோம், ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நின்றே தாலி கட்டிக்கொண்டார்கள். படுக்க முடிந்தது, அது ஒன்றுதான் ஆறுதல். உத்தரவு வரும்வரை குவாரியில் வேலை நிற்க, பாறைத் தெருவில் உலை அடங்கியது, கண்மாய்த் தெருவிலிருந்து பழைய கேழ்வரகை அளந்து அனுப்பினார்கள், அதிலும் “கல்லு அரிச்சுப் போடுங்க, உங்களுக்குப் பழக்கந்தான” என்று ஒரு குத்தல் சேர்ந்தே வந்தது.

உத்தரவு வந்தது. மேற்குப் பாதி இப்போதைக்கு இல்லை. இருக்கிற குழியை இரண்டு தெரு ஆட்களும் சேர்ந்த குழு கவனிக்க வேண்டும், சுவிட்சுச் சாவி அந்தக் குழுவிடம் இருக்க வேண்டும். ‘இப்போதைக்கு’ என்ற சொல்லைத் தனபாக்கியம் இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினார். மேனேஜரை மாற்றினார்கள், வந்தவரும் கடிகாரத்தைப் பார்க்கிறவர்தான். குழுவின் முதல் கூட்டம் அடிதடியில் முடிந்தது. இரண்டாவது கூட்டத்தில், நின்றுகொண்டேதான், குரல் கொடுக்கிற வேலையைப் பஞ்சவர்ணத்துக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. அவளே கேட்டு வாங்கிய வேலை அது.

முதல் வேட்டு அன்றைக்கு அவள் தூக்குச்சட்டியில் கஞ்சி ஊற்றிக்கொண்டு பாறை ஏறினாள். பிள்ளையைத் தனபாக்கியம் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். சத்தம் திரும்பி வருமா, இல்லை இவள் குரலும் யாருடைய பானைக்குள்ளாவது போய் அடங்குமா என்று தெரியாமல் நாங்கள் அவரவர் வாசலில் நின்றோம். மலையடியிலிருந்து கடைசி வீடு வரைக்கும், எல்லோருக்கும், முதலில் ஒரு செருமல் கேட்டது.

முதல் குரலுக்குப் பிள்ளைகளை வாரிக்கொண்டோம். இரண்டாவது குரலுக்குக் கதவைச் சாத்தினோம். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கீழே லாரிகள் ஹாரன் அடித்தன, புது மேனேஜர் என்னவோ கத்தினார், சங்கிலி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மலை உச்சியைப் பார்த்தபடி நின்றான். சாத்திய கதவுகளுக்குப் பின்னால் நாங்கள் காத்திருந்தோம், அவளால் முடியாதென்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தோம், யாரும் சொல்லவில்லை.

பிறகு மூன்றாவது குரல் வந்தது. நடுவில் கீறிக்கொண்டு, உடைந்து, மறுபடி சேர்ந்து, நீண்டு வந்தது. சோணைமுத்து வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஊர் முழுக்க உட்கார்ந்தது.